ஆட்சியும் உடைமையும்

சில ஆண்டுகளுக்கு முன் இளங்கலை முதலாண்டு மாணவர்களின் பொதுத்தமிழ் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். எதிர்ச்சொல் தருக என்னும் பகுதியில் 'மக்களாட்சி' என்னும் சொல் கேட்கப்பட்டிருந்தது. முடியாட்சி, கொடுங்கோலாட்சி, சர்வாதிகாரம் என எதை எழுதியிருந்தாலும் மதிப்பெண் வழங்கலாம். ஒரு மாணவர் 'பொதுவுடைமை' என்று எழுதியிருந்தார். அடுத்த தாளிலும் அதே விடை. ஒருவரைப் பார்த்து மற்றவர் எழுதியிருக்கக்கூடும் என்று கருதினேன். நாற்பது தாள்களுக்குப் பின் மீண்டும் அதே விடை வந்தபோதுதான் இது பார்த்தெழுதிய பிழையன்று, எண்ணத்தில் ஊறிய பிழை என்று விளங்கிற்று. ஆசிரியர் அறையில் பொருளியல் துறை நண்பரிடம் காட்டினேன். "உங்கள் மாணவர்கள் மட்டுமா? மேடையில் பேசுவோரில் பாதிப்பேர் இப்படித்தானே பேசுகிறார்கள்" என்று சிரித்தார்.

அம்மாணவர்கள் மீது எனக்குச் சினமில்லை. இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் இரு துருவங்களாக நின்றன. ஒருபுறம் தேர்தலும் தனியார் தொழிலும். மறுபுறம் ஒரு கட்சி ஆட்சியும் அரசுடைமையும். இவ்விணைகளையே கேட்டுப் பழகிய உலகம், தேர்தலும் தனியார் தொழிலும் ஒன்றே என்றும், அரசுடைமையும் ஒடுக்குமுறையும் ஒன்றே என்றும் கருதத் தலைப்பட்டது. 1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்த பின்னும் அம்மயக்கம் மறையவில்லை.

ஆனால் தமிழ் படித்தவருக்கு இம்மயக்கம் வரவேண்டியதில்லை. சொற்களையே நோக்குக. முடியாட்சி, குடியாட்சி, மக்களாட்சி, இராணுவ ஆட்சி ஆகியவை எல்லாம் 'ஆட்சி'யில் முடிகின்றன. தனியுடைமை, பொதுவுடைமை, நிலவுடைமை, கூட்டுடைமை ஆகியவை எல்லாம் 'உடைமை'யில் முடிகின்றன. முன்னவை, ஆள்பவர் யார், அவரை அமர்த்துவதும் இறக்குவதும் எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை. பின்னவை, நிலமும் ஆலையும் யாருடையவை, விளைந்ததைப் பங்கிடுவது எங்ஙனம் என்னும் வினாவிற்கு விடை. முன்னது அரசு முறை. பின்னது பொருளாதார முறை. திருவள்ளுவரும் பொருட்பாலில் செங்கோன்மையையும் கொடுங்கோன்மையையும் அரசியலில் வைத்தார்; பொருள் செயல்வகையை அங்கவியலிலும், உழவை ஒழிபியலிலும் வைத்தார். ஆயின் பொருள் வரும் வழிகளை உண்டாக்குவதும் சேர்ப்பதும் காப்பதும் பங்கிடுவதும் அரசனின் திறன் என்று அவர் கூறும் இடம் இறைமாட்சி அதிகாரம் என்பதையும் மறத்தலாகாது. இரண்டும் வேறு, ஆனால் இரண்டிற்கும் இடையே போக்குவரத்து உண்டு.

வேறு என்பதற்குச் சான்று வேண்டுமாயின் உலகெங்கும் கிடைக்கும். பிரிட்டனில் 1945இல் தொழிற்கட்சி வென்று நிலக்கரிச் சுரங்கங்களையும் இரயில்வேயையும் அரசுடைமையாக்கியது. 1979இல் வந்த தாட்சர் அம்மையார் அரசு நிறுவனங்கள் பலவற்றைத் தனியாருக்கு விற்றார். அரியணையும் நாடாளுமன்றமும் இருந்த இடத்திலேயே இருந்தன. சிலி நாட்டில் 1970இல் சால்வடோர் அலெண்டே வாக்குப்பெட்டி வழியாகச் சமதர்மக் கொள்கையுடன் வந்தார். 1973 செப்டம்பர் 11 அன்று அவரை வீழ்த்திய இராணுவத் தளபதி பினோசே, துப்பாக்கியின் துணையோடு தடையற்ற சந்தையைக் கொணர்ந்தார். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் 1957இல் இ.எம்.எஸ். நம்பூதிரிபாட் தலைமையில் பொதுவுடைமைக் கட்சி தேர்தலில் வென்று ஆட்சி அமைத்தது. எம் மாணவர்களின் எதிர்ச்சொல் விதிப்படி இப்படியொன்று நிகழ்ந்திருக்கவே கூடாது. 1959இல் அவ்வரசைக் கலைத்தவர்கள் மக்களாட்சியின் பெயரால்தான் கலைத்தார்கள் என்பது வேறு செய்தி.

இனி, இரண்டும் ஒன்றாய்ப் பிணைந்து கிடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். பெரியபுராணத்தில் சுந்தரரை அடிமை என்று கிழவேதியர் தொடுத்த வழக்கில் மூவகைச் சான்றுகள் பேசப்படுகின்றன: ஆட்சி, ஆவணம், காட்சி. அங்கே 'ஆட்சி' என்பது அரசாளுதல் அன்று. நெடுநாள் அனுபவ வழக்கு. ஒன்றை அனுபவித்து வருவதற்கும் ஆள்வதற்கும் ஒரே சொல் வழங்கியது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை (கி.பி. 919, 921) நாம் மேடைதோறும் பெருமையோடு எடுத்துக்காட்டுகிறோம். அதில் உறுப்பினராவதற்குரிய தகுதிகளை மட்டும் விரைந்து கடந்துவிடுகிறோம். வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். மறை கற்றிருக்க வேண்டும். நிலமில்லாதவன் பெயர் குடத்துக்குள் விழாது. உடைமைதான் ஆட்சிக்கு நுழைவுச்சீட்டு.

நம் திருவண்ணாமலையே இதைவிடப் பெரிய பிணைப்பு ஒன்றைக் கண்டது. முதல் மைசூர்ப் போரில், 1767 செப்டம்பரில், ஐதர் அலியும் ஐதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திய படையும் ஆங்கிலேயப் படையும் இம்மலையடிவாரத்தில் மோதின. ஆங்கிலேயப் படை என்று எழுதிவிட்டேன். அது இங்கிலாந்து அரசனின் படையன்று, ஒரு கம்பெனியின் படை. இலண்டனில் குறிப்பிட்ட அளவுக்குப் பங்கு வைத்திருந்தவர்கள் வாக்களித்து இயக்குநர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவ்வியக்குநர்களின் ஆணைப்படி வரி வாங்கவும் போர் தொடுக்கவும் அந்நிறுவனத்தால் முடிந்தது. 1801இல் ஆர்க்காட்டு நவாபின் நாடு அதன் நேரடி ஆட்சிக்குள் போயிற்று. இலாபக் கணக்கு எழுதும் கையே தீர்ப்பும் எழுதியது. பதினான்காம் நூற்றாண்டு அறிஞர் இப்னு கல்தூன் தம் 'முகத்திமா' நூலில், ஆள்பவன் வணிகத்தில் இறங்கினால் குடிகளுக்குக் கேடு, வரி வருவாய்க்கும் கேடு என்று ஓர் இயல் வகுத்து எழுதினார். வணிகனே ஆள்பவனாகும் நாள் ஒன்று வரும் என்று அவரும் எண்ணியிருக்க மாட்டார்.

கம்பெனி ஆட்சி 1858இல் முடிந்தது. சொத்துக்கும் வாக்குக்கும் இருந்த முடிச்சு முடியவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்படியும் சொத்து, வரி, கல்வி முதலிய தகுதி பெற்ற சிறுபான்மையோருக்கே வாக்குரிமை. 1951–52 பொதுத்தேர்தலில்தான், இருபத்தொரு வயது நிரம்பிய எவரும், கையளவு நிலமில்லாதவரும், எழுத்தறியாதவரும், சுமார் 17.3 கோடிப் பேர் வாக்காளர் ஆயினர். ஆயிரம் ஆண்டு முடிச்சு அங்கே அவிழ்ந்தது. விடுதலைக்குப் பின் நாம் செய்தவற்றுள் இதற்கு இணையானது வேறில்லை என்பது என் கருத்து.

முடிச்சை அவிழ்த்தவர்கள் அறிந்தே அவிழ்த்தார்கள். 1948 நவம்பர் 15 அன்று அரசியல் நிர்ணய சபையில் பேராசிரியர் கே.டி. ஷா, இந்தியா சமயச் சார்பற்ற, கூட்டாட்சி, சமதர்ம நாடு என்று அரசியலமைப்பின் முதற்பிரிவிலேயே எழுத வேண்டும் என்று திருத்தம் கொணர்ந்தார். அண்ணல் அம்பேத்கர் மறுத்தார். அரசின் உறுப்புகள் இயங்கும் முறையை வகுப்பதே அரசியலமைப்பின் பணி. பொருளாதாரத்தை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதைக் காலத்துக்கும் சூழலுக்கும் ஏற்ப மக்களே முடிவு செய்ய வேண்டும். அதை இன்றே எழுதிப் பூட்டிவிட்டால் நாளைய மக்களின் உரிமையைப் பறித்ததாகும் என்பது அவர் வாதத்தின் சாரம். இத்தனைக்கும் 1947இல் அவரே எழுதிய 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்னும் அறிக்கையில், முதன்மைத் தொழில்களையும் வேளாண்மையையும் அரசுடைமையாக்கி அதை அரசியலமைப்பிலேயே எழுதவேண்டும் என்று கேட்டிருந்தார்! ஓராண்டில் கருத்து மாறியதா, வரைவுக் குழுத் தலைவர் என்னும் பொறுப்பில் பேசினாரா என்பது ஆய்வாளர்க்குரிய வினா. வழிகாட்டு நெறிகளிலேயே சமதர்ம நோக்கம் அடங்கியிருக்கிறது என்பது அவர் கூறிய மற்றொரு காரணம். மறு ஆண்டு நவம்பர் 25 அன்று, அரசியலில் சமத்துவமும் வாழ்க்கையில் ஏற்றத்தாழ்வும் கொண்ட முரணுக்குள் நாம் நுழைகிறோம், இம்முரணை விரைவில் களையாவிட்டால் கட்டியது இடியும் என்று எச்சரித்தவரும் அவரே. ஆட்சியை முதலில் சமமாக்குவோம், உடைமையை அதன் வழியே பேசித் தீர்ப்போம் என்று அவ்விரு உரைகளையும் சேர்த்து நான் பொருள்கொள்கிறேன்.

பேசித் தீர்த்த கதைதான் பின்னைய இந்திய வரலாறு. அதில் சுவையான திருப்பங்கள் உள. 1969இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. செய்தித்தாள்களுக்குத் தணிக்கை, எதிர்க்கட்சித் தலைவர்களுக்குச் சிறை. ஆட்சிமுறை ஓரிரவில் மாறியது, உடைமைமுறை மாறவில்லை. மளிகைக் கடையும் ஆலையும் வயலும் முன்பு எவருடையவையோ அவருடையவையே. அக்காலத்தில்தான், 1976இல், 42ஆம் திருத்தத்தின் மூலம் முகவுரையில் 'சமதர்மம்' என்னும் சொல் ஏறியது. 1977 தேர்தலில் மக்கள் அவ்வாட்சியை இறக்கினர். புதிதாய் வந்த ஜனதா அரசு தனியுடைமைக்குப் பெருங்காவல் செய்திருக்கும் என்று எண்ணுவோம். அவ்வரசுதான் 44ஆம் திருத்தத்தின் வழியே (1978) சொத்துரிமையை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து நீக்கிச் சாதாரணச் சட்ட உரிமையாக்கியது.

பின் 1991. அந்நியச் செலாவணி சில வாரங்களுக்கே போதுமானதாய் இருந்தது. பொன்னை விமானமேற்றி அடகு வைத்தார்கள். ஜூலை 24 அன்று நரசிம்மராவ் அரசின் புதிய தொழிற்கொள்கையும், நிதியமைச்சர் மன்மோகன் சிங்கின் நிதிநிலை அறிக்கையும் வெளிவந்தன. 18 தொழில்கள் நீங்கலாகப் பிறவற்றுக்கு உரிமம் வேண்டாம் என்றாயிற்று. அரசியலமைப்பில் 'சமதர்மம்' இருந்தபடியே இருந்தது, நாடாளுமன்றமும் இருந்தது, அவ்வரசுக்கோ அப்போது அறுதிப் பெரும்பான்மைகூட இல்லை. உடைமைமுறையில் இத்துணைப் பெரிய திருப்பம், ஆட்சிமுறையில் ஒரு செங்கல்கூட அசையாமல். 2024 நவம்பரில், அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களை உச்சநீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, இங்கே சமதர்மம் என்பது நலஅரசையும் வாய்ப்புச் சமத்துவத்தையும் குறிக்கும், தனியார் தொழிலைத் தடுப்பதாகாது என்றே விளக்கியது. மறுத்து 76 ஆண்டுகள் கழிந்தபின் அம்பேத்கரின் வாதமே வேறு வழியாக வந்து சேர்ந்தது.

நூலறிவில் இவற்றை அறியுமுன்பே வீட்டில் இவ்வழக்கைக் கேட்டு வளர்ந்தவன் நான். என் தாய்மாமன் 1980களின் நடுவில் மின்பணியாளராகச் சவூதி அரேபியாவின் தம்மாம் நகருக்குச் சென்றார். ஈராண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வருவார். இரவு உணவுக்குப் பின் திண்ணையில் என் அத்தாவுக்கும் அவருக்கும் வாதம் தொடங்கும். "மச்சான், அங்கே ரேஷன் வரிசை உண்டா? மின்வெட்டு உண்டா? பெட்ரோல் தண்ணீரைவிட மலிவு. ஓட்டுப் போட்டு என்ன கண்டீர்கள்?" என்பார் மாமா. சிறு மளிகைக் கடை வைத்திருந்த அத்தா பொறுமையாகக் கேட்பார்: "உங்கள் முதலாளி மூன்று மாதச் சம்பளம் தரவில்லை என்றீர்களே. யாரிடம் பிராது கொடுத்தீர்கள்?" மாமா வாய் திறக்க மாட்டார். கடவுச்சீட்டு முதலாளியின் பெட்டியில். அவர் இசைவின்றி நாட்டைவிட்டு வெளியேறவும் அனுமதியில்லை. (அவ்விதி 2021இல்தான் தளர்ந்தது.) சற்றுநேரம் கழித்து மாமா கேட்பார்: "பிராது கொடுத்தால் சோறு வருமா மச்சான்? வந்திருந்தால் நான் ஏன் கடல் தாண்டுகிறேன்?" இப்போது அத்தா வாய் திறக்க மாட்டார்.

பல்லாண்டு கேட்டும் வென்றவர் எவர் என்று எனக்குத் தெரிந்ததில்லை. பின்னாளில்தான் விளங்கியது: மாமா உடைமையைப் பற்றிப் பேசினார், அத்தா ஆட்சியைப் பற்றிப் பேசினார். மாமா கண்ட செழிப்பும் தனியார் சந்தையால் மட்டும் வந்ததன்று. அந்நாட்டு எண்ணெய் நிறுவனம் 1980ஆம் ஆண்டளவில் முழுதும் அரசுடைமையாகியிருந்தது. முடியாட்சியின் கீழ் அரசுடைமை எண்ணெயும், அதைச் சுற்றிச் சந்தையும் என்று அது ஒரு தனிக்கலவை. பெயர் வைத்து அடைக்க முடியாத கலவைகளே உலகில் மிகுதி.

இதனினும் கசப்பான பாடத்தை ஒரு மாணவரிடம் கற்றேன். நம் மாவட்டத்தில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் உள்ளன. அங்கிருந்து படிக்க வந்த ஒருவர், யாழ்ப்பாணத்தில் தம் தாத்தா மிளகாயும் வெங்காயமும் பயிரிட்டு வீடு கட்டிய கதையைச் சொன்னார். திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் ஆட்சியில் (1970–77) இறக்குமதிகள் தடுக்கப்பட்டன. கொழும்பில் பாணுக்கு இரவிலிருந்தே வரிசை. யாழ்ப்பாண உழவனுக்கோ நல்ல விலை. அதே ஆட்சிதான் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலைக் கொணர்ந்து அவ்வுழவனின் மகனுக்குக் கதவைச் சாத்தியது. 1977இல் ஜெயவர்த்தனா வென்று சந்தையைத் திறந்தார். இறக்குமதி மிளகாய் வந்தது, வடக்கின் விலை வீழ்ந்தது. மறு ஆண்டு அவர் கொணர்ந்த அரசியலமைப்பு நாட்டுக்குச் சூட்டிய பெயர் 'சனநாயக சோசலிசக் குடியரசு'! சந்தையைத் திறந்த கையே 1982 டிசம்பரில் பொதுவாக்கெடுப்பு ஒன்றின்வழி நாடாளுமன்றத்துக்குத் தேர்தலின்றி ஆறாண்டு நீட்டிப்பு வாங்கிக்கொண்டது. மூடிய பொருளாதாரத்தை நடத்திய சிறிமாவோவும் 1972இல் தம் ஆட்சிக்கு ஈராண்டு நீட்டித்துக்கொண்டவரே. 2024இல், மார்க்சிய வேர் கொண்ட கட்சியின் அநுர குமார திசாநாயக்க தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானார். சர்வதேச நாணய நிதியத்துடன் முன்னைய அரசு செய்த உடன்பாட்டைத் தொடர்ந்தார். "ஐயா, எங்கள் நாட்டில் எதற்கு எது எதிர்ச்சொல்?" என்று அம்மாணவர் கேட்டார். தரப்படுத்தலும் கலவரமும் ஆட்சியின் குற்றங்கள். மிளகாய் விலை உடைமையின் சிக்கல். இரண்டையும் ஒரே பெயரால் வைதால் இரண்டுக்கும் மருந்து கிடைக்காது என்றேன். அவர் முகாமிலேயே பிறந்தவர்; வாக்குரிமை இல்லாதவர். அவரிடம் இதைக் கூறும்போது என் குரல் சற்றுத் தாழ்ந்தது.

வேங்கிக்காலில் குடியிருப்பவர்க்கு இப்பாடத்துக்கான ஆய்வுக்கூடம் வீட்டருகிலேயே உள்ளது. 1989இல் வடஆர்க்காட்டிலிருந்து பிரிந்து நம் மாவட்டம் பிறந்தது. அதன் ஆட்சியர் அலுவலகம் வேலூர் சாலையில் எம் ஊரில்தான் அமைந்துள்ளது. திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாள். செங்கத்திலிருந்தும் கலசபாக்கத்திலிருந்தும் சவ்வாது மலையிலிருந்தும் மனுக்களோடு பேருந்தில் வந்து இறங்குவார்கள். சென்ற ஆண்டு மாணவர் ஐவரை அழைத்துச் சென்று, வெளியே அமர்ந்து மனு எழுதித் தருவோரிடம் பேசச் செய்தேன். ஒருவர் மனுவையும் படிக்கலாகாது. எவ்வகை மனுக்கள் வருகின்றன என்று மட்டும் கேட்டு, 'ஆட்சி', 'உடைமை' என இரு பத்திகளில் குறித்து வரவேண்டும்.

முதியோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டது, சாதிச் சான்று தாமதம் ஆகியன ஆட்சிப் பத்தியில் ஏறின. பால் விலை, நெல் கொள்முதல் ஆகியன உடைமைப் பத்தியில் ஏறின. பிறகு ஒரு மாணவி எழுதுகோலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பட்டா மாறுதல், பாகப்பிரிவினை, வீட்டுமனை, நீர்வழி ஆக்கிரமிப்பு, நியாயவிலைக் கடை அரிசி. 1997இல் மத்திய அரசு பொதுவிநியோகத்தை வறுமைக்கோட்டால் பிரித்தபோது நம் மாநிலம் அரிசியை அனைவர்க்கும் என்றே வைத்துக்கொண்டது. அது சந்தையின் செயலா, தேர்தலின் செயலா? பட்டாவிலுள்ள நிலம் உழுபவருடையது. அதன் அடியிலுள்ள கையெழுத்து அரசினுடையது. அம்மாணவி தாளின் ஓரத்தில் கோடு போட்டு மூன்றாவது பத்தி ஒன்றைத் தொடங்கி அதற்கு 'இரண்டும்' என்று தலைப்பிட்டார். பகல் பன்னிரண்டு மணிக்குள் அப்பத்தி தாளின் அடிவரை நிறைந்து மறுபக்கத்துக்குச் சென்றது.